யாருக்க பிள்ளை?

ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடற்கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. கிழக்கு வெளுக்கும் முன்பே போய்விட வேண்டும். ஈர வேட்டியும் எள்ளும் தர்ப்பையும் வாழையிலையுமாக ஜனம் நெருக்கித் தள்ளும். சில வருடங்களுக்கு முன்னால் நானும் போயிருந்தேன். பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து மந்திரம் சொல்லித் தந்த பெரியவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"தகப்பனார் பேரு?"

சொன்னேன்.

"பாட்டனார் பேரு?"

அதையும் சொன்னேன்.

"பூட்டனார்?"

முழித்தேன். அவருக்கு அது பழகிப்போன முழிதான் போலும். ஒரு சாமி பேரை அவராகவே போட்டுச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவன் பாட்டன் பேரிலேயே நின்றுவிட்டான். இடுப்பில் சொருகியிருந்த செல்போனை எடுத்து, "எம்மா, அப்பாவுக்க அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவனாவது கேட்டான். எனக்குக் கேட்கவும் ஆள் இல்லை.

எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றிருபது வருடம் இருக்குமா? அதற்குள் ஒரு மனிதன் சுத்தமாக இல்லாமல் ஆகிவிடுகிறான். அவன் உழுத வயல் இருக்கிறது. அவன் மூக்கு ஒருவேளை என் முகத்தில் இருக்கிறது. பேர் மட்டும் இல்லை. 'பெயரன்' என்பதுதான் 'பேரன்' ஆயிற்று என்பார்கள். பாட்டன் பெயரைச் சுமப்பவன். எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குப் பாட்டன் பேர் வைப்பது எழுதாத சட்டம். சாகிறவனின் பேரைப் பிறக்கிறவன் மேல் ஏற்றிவிட்டுப் போவது. அதுதான் நம் பதிவேடு. நவீன் என்றும் அஸ்வின் என்றும் நாம் பேர் வைக்கத் தொடங்கிய நாளில் அந்தப் பதிவேட்டை மூடிவிட்டோம்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1926-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் சட்டம் கொண்டுவருகிறவரை எங்களுக்கு மருமக்கள்வழி. மாமன் சொத்து மருமகனுக்கு. பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் ஏதோ கொஞ்சம், 'உகந்துடைமை' என்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடி நையாண்டி செய்தது இந்தக் கூத்தைத்தான். பழைய ஆவணங்களைப் பார்த்தால் மாமன், மருமகன், அவன் மருமகன் என்று வரிசை ஓடும். தகப்பன்மார் எங்கோ ஓரத்தில் கிடப்பார்கள். அப்போது எனக்குத் தோன்றியது இது. சொத்து எந்த வழியில் போகிறதோ அந்த வழியில்தான் ஞாபகமும் போகிறது. பாசம் போகிற வழியில் போவதில்லை. எழுத்தாணி பிடித்தவன் மனுஷனைக் கணக்கெடுக்க உட்காரவில்லை, மண்ணைக் கணக்கெடுக்கத்தான் உட்கார்ந்தான்.

இது இத்தனை தூரம் மண்டையில் குடையக் காரணம் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி ஒருத்தர். ரிட்டையர்டு வாத்தியார். அவர் மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் ஊரில் ஸ்காட் என்றதும் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிதான் ஞாபகம் வரும். அது கொடையாளி ஒருவரின் பேர், அந்த தேசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மகள் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கிழவி, நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வேர் உள்ளவராம். சமையலறைச் சுவரில் குடும்ப மரத்தை வரைந்து சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். ஏழு தலைமுறை. அதில் ராஜா இல்லை, பிரபு இல்லை. எல்லாரும் கரி வெட்டினவர்கள்.

அந்தக் கிராமங்களில் பாதி இப்போது கிராமமாக இல்லை. கிளென்பக் என்று ஓர் ஊர். லிவர்பூல் கால்பந்து அணியை உச்சிக்குக் கொண்டுபோன பில் ஷாங்க்லி 1913-ல் பிறந்த ஊர். சுரங்கம் மூடியது, ஜனம் போனது, பிற்பாடு திறந்தவெளிச் சுரங்கம் வந்து இருந்த மிச்சத்தையும் தின்றுவிட்டது. ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ் சுரங்கமான லாங்கனட் 2002-ல் மூடப்பட்டது. ஊர் போனாலும் ஆட்களைத் தேடிப் பிடிக்க முடிகிறது. காரணம், 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் கல்யாணத்தையும் அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. செத்தவர் சுரங்கக் கூலியானாலும், அப்பன் பேர் என்ன, அம்மையின் பிறந்த வீட்டுப் பேர் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். 1877-ல் பிளான்டைர் என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 207 பேர் செத்தார்கள். அவர்கள் பேரையும் இன்றைக்குத் தேடிப் படிக்கலாம். 1855-க்கு முன்னால் என்றால் மாதாகோயில் பதிவேடுகள். அங்கேயும் தலைமகனுக்குத் தகப்பன்வழிப் பாட்டன் பேர், அடுத்தவனுக்கு அம்மைவழிப் பாட்டன் பேர் என்று வைக்கிற வழக்கம் இருந்திருக்கிறது. நம்ம கதைதான்.

கிழவி சொன்ன ஒரு விஷயம் சேக்காளியின் மகளைத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. "இந்தப் பாட்டன் சுரங்கத்தோடு சேர்த்து எழுதப்பட்டவன், தெரியுமா?" என்று மரத்தின் அடிக்கிளையைத் தொட்டுக் காட்டினாராம். பெருமையாக!

உண்மைதான். 1606-ல் ஸ்காட்லாந்து பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கரி வெட்டுகிறவனும் உப்புக் காய்ச்சுகிறவனும் முதலாளி அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகக் கூடாது. ஓடிப் போனால் திருடன் என்று கொள்ளப்படும். சுரங்கம் கைமாறினால் ஆட்களும் சேர்ந்து கைமாறுவார்கள். பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது முதலாளி தகப்பன் கையில் சின்னதாக ஒரு பணம் கொடுப்பார். அதை வாங்கிவிட்டால் அந்தப் பிள்ளையும் சுரங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். கூலி உண்டு. அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டோடு இதை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் கட்டு கட்டுதானே? 1775-ல் பாதி அவிழ்த்தார்கள். முழுக்க அவிழ்ந்தது 1799-ல்.

"கேட்டியா மக்கா, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனையே கெட்டிப் போட்டிருக்கான்" என்றார் சேக்காளி. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஆட்களையும் தேடிப் பாத்தா என்ன?" என்றார்.

தேடினார். ஒரு வருடம் அலைந்தார். அவர் பூட்டனோ, பூட்டனுக்கும் முந்தினவரோ மிஷனரிமார் காலத்தில் வேதத்தில் சேர்ந்தவர். 1806-ல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியில் 1809-ல் கோயில் எழும்பியது. 1818-ல் மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்தார். ஒவ்வொரு சபையிலும் பதிவேடு உண்டு. செல்லரித்தது போக, வெள்ளத்தில் போனது போக, மிச்சம் இருந்ததில் ஒரு வரியைச் சேக்காளி கண்டுபிடித்துவிட்டார். பழைய பேர், புதிய பேர், ஊர், தேதி. ஒரே ஒரு வரி. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டியபோது அவர் கை நடுங்கியது.

எனக்கு ஒன்று உறைத்தது. ஸ்காட்லாந்தில் ஞானஸ்நானத்தன்றைக்குத்தான் பிள்ளையைச் சுரங்கத்தில் கட்டினார்கள். இங்கே ஒருவனை முதன்முதலாக ஒரு மனுஷன் என்று நினைத்துப் பேர் கேட்டு எழுதிய காகிதம் ஞானஸ்நானப் பதிவேடு. அதிலும் குறை உண்டு. மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய வெள்ளைக்காரர்களின் பேரையே சூட்டிய வழக்கமும் இருந்தது. ஒரு பேரைக் கொடுத்து இன்னொரு பேரை அழித்தார்கள். இருந்தாலும் எழுதினார்கள்.

"இதுக்கு முன்னால?" என்று கேட்டேன்.

"இதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. கோடு போட்டாப்ல நின்னு போச்சு."

எனக்கு அப்போது வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு முன்னால் என்ன இருந்தது, எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததும் 1855-ல்தான். ஸ்காட்லாந்தில் கூலிக்காரனின் அப்பன் பேரையும் அம்மை பேரையும் அரசாங்கம் எழுதத் தொடங்கிய அதே வருடம். கம்பெனி ஆண்ட சீமையில் 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே ராணி லட்சுமிபாய் ஆண்டபோது 1812-ல் ஆள் விற்பனைக்குத் தடை போட்டார்கள், ஆனால் வயலோடு சேர்ந்த ஆட்களை விட்டுவிட்டார்கள். நாஞ்சில் நாடே வயல்தானே ஐயா! கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று இன்றைக்கும் மார் தட்டுகிறோம். அந்த நெல்லை யார் விளைவித்தார்கள்? சேற்றில் நின்ற புலையரும் பறையரும். 1847-ல் மிஷனரிமார் மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். உத்திரம் திருநாள் மகாராஜா 1853-ல் பாதி, 1855-ல் மீதி என்று விளம்பரம் செய்தார். 1775, 1799 மாதிரியே. பாதி பாதியாக மனம் இரங்குவதில் எல்லா தேசத்துச் சர்க்காரும் ஒரே சாதி.

அந்த ஆட்களின் பேர் எங்கேயும் எழுதப்படவில்லை என்று சொல்ல முடியாது. எழுதப்பட்டது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி பார்த்திருக்கிறார், பிற்பாடு ஆய்வாளர் அ.கா.பெருமாள் அவற்றை ஆராய்ந்து புத்தகமாகவே கொண்டுவந்தார். வரி, வாய்க்கால், வழக்கு, கோயில் காரியம் எல்லாம் அதில் உண்டு. ஆள் விற்ற சேதியும் உண்டு. ஆக, அடிமையின் பேர் அடிமையின் வீட்டில் இருக்காது. ஆண்டையின் வீட்டுப் பெட்டியில் இருக்கும். சொத்துப் பட்டியலில்.

எங்கள் அம்மையின் தறவாட்டு வீட்டை இடித்தபோது ஒரு மரப்பெட்டி என் பங்குக்கு வந்தது. பித்தளைக் குத்துவிளக்கை ஒருத்தர் எடுத்துக்கொண்டார், உருளியை ஒருத்தர். யாருக்கும் வேண்டாத பெட்டி எனக்கு. உள்ளே ஓலைக்கட்டு. பல வருடம் பரணில் கிடந்தது. ஓலை படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் ஒருநாள் கொண்டுபோனேன். மஞ்சளும் எண்ணெயும் பூசித் துடைத்து வாசித்துக்கொண்டே போனார். இன்ன வயல், இத்தனை கோட்டை விதைப்பாடு, கிழக்கெல்லை, மேற்கெல்லை, மா ஒன்று, புளி ஒன்று… சற்று நிறுத்தினார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதே குரலில் வாசித்தார். ஆள் இன்னான், அவன் பெண்டாட்டி, பிள்ளை ஒன்று. கொல்லம் ஆண்டு எழுதியிருந்த மூலை அரித்துப் போயிருந்தது.

புளிய மரத்துக்கு அடுத்த வரியில் ஒரு மனுஷன்.

அண்ணனிடம் சொன்னேன். பெரியம்மை மகன், குடும்பத்துக்கு இப்போது மூத்தவர். "அதைப் போய் என்னத்துக்குலே கிண்டுகே? தூக்கி அடுப்புல போடு. வீண் வம்பு" என்றார். அவர் நல்ல மனுஷன். யாரையும் வாய்நோகப் பேசாதவர். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நான் யாரையும் வாங்கவில்லை, விற்கவில்லை. என் பூட்டன் பேரே எனக்குத் தெரியாது. அவனுக்கும் முன்னால் யாரோ ஒரு காரணவன் செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பல ராத்திரி யோசித்தேன். குற்றம் பரம்பரையாக வராது என்பது சரிதான். கொலைகாரன் பேரனைத் தூக்கில் போடுகிற சட்டம் உலகத்தில் நல்லவேளையாக இல்லை. ஆனால் வயல் பரம்பரையாக வருகிறதே? பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசில் நிற்கும்போது மட்டும் நான்கு தலைமுறைப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "இது எங்க பாட்டன் சொத்து சார்" என்கிறோம். வயல் நமக்கு, புளிய மரம் நமக்கு, அடுத்த வரி மட்டும் நமக்குச் சம்பந்தமில்லையா? ஒரே ஓலையில் நமக்குப் பிடித்த வரியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ள முடியுமா? முன்னோர் என்பது கல்யாண வீட்டுப் பந்தி இல்லை, பிடித்ததை மட்டும் தொட்டுக்கொள்ள.

இன்னொன்றும் யோசித்தேன். அந்த ஸ்காட்லாந்துக் கிழவி தன் அடிமைப் பாட்டனைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். இங்கே ஏன் ஒருவராலும் அப்படி மாட்ட முடியவில்லை? அங்கே இழிவு வேலையில் இருந்தது. சட்டம் போயிற்று, சுரங்கமும் போயிற்று, இழிவும் போய்விட்டது. மிஞ்சியது உழைத்தவன் என்கிற பெருமை மட்டும். இங்கே இழிவைப் பிறப்பில் வைத்தோம். 1855-ல் ஆள் விடுதலையானான். அவன் பிள்ளை விடுதலையாகவில்லை. அவன் தெரு விடுதலையாகவில்லை.

எங்கள் ஊரில் புது முகம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீ யாருக்க பிள்ளை?" வாஞ்சையான கேள்வி போலத்தான் இருக்கும். பதில் சொன்னதும் அடுத்த கேள்வி, "எந்தத் தெரு?" அத்தோடு கணக்கு முடிந்துவிடும். திண்ணையில் உட்கார வைப்பதா, முற்றத்தில் நிற்க வைப்பதா என்று. வம்சம் விசாரிப்பது மற்ற தேசங்களில் பொழுதுபோக்கு. நம் ஊரில் அது ஒரு கத்தி. அதனாலேயே பாட்டன் பேரைப் பேரனுக்குச் சொல்லாமல் மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. பட்டணத்துக்குப் போய், பேர் மாற்றி, ஊர் மாற்றி, பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் வளர்த்தவர்கள். மறதிகூடச் சிலருக்கு விடுதலையாக இருந்திருக்கிறது. அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. மறப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அந்த ஓலையில் எழுதப்பட்டவனின் பிள்ளைகள். அதை எழுதி வைத்திருந்தவனின் பிள்ளைகள் அல்ல. நான் அடுப்பில் போட்டால், இரண்டாவது தடவையும் அவர்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தவன் ஆவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக்காளியை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஓலையை மேசைமேல் வைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. எப்படியோ சொல்லி முடித்தேன்.

"இது ஒங்க ஆளாண்ணு எனக்குத் தெரியாது. நிரூபிக்கவும் முடியாது" என்றேன்.

"தெரியலண்ணா போட்டும்" என்றார். "அந்தப் பேரை மட்டும் ஒருக்கா வாசி."

வாசித்தேன். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத எனக்குப் பாத்தியதை இல்லை.

"பெண்டாட்டி பேரு?"

"இல்ல. 'அவன் பெண்டாட்டி'ண்ணுதான் இருக்கு."

"பிள்ளைக்கு?"

"பிள்ளை ஒன்றுண்ணு மட்டும்."

வெகுநேரம் சும்மா இருந்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தவர், ஒரு பிள்ளையின் பேரையும் விடாமல் கூப்பிட்டவர். ஓலையைத் தொடாமல், அதன் மேலாக விரலை ஓட்டிக்கொண்டே, "யாருக்க பிள்ளையோ" என்றார்.

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் கத்தி இல்லை.

என்னிடம் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். படவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்பது எளிது, உடனே நமக்குச் சுமை இறங்கிவிடும். ஓலையைப் படம் எடுத்துக்கொண்டார். டீ குடித்தார். கிளம்பும்போது, "கட்டுல இன்னும் எத்தனை ஓலை இருக்கு?" என்று கேட்டார். இருபதுக்கு மேல் என்றேன். "சரி, அடுத்த ஞாயிறும் வாறேன்" என்றார்.

நாஞ்சில் நாட்டில் இருந்து பிழைக்கப் போய்ச் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பழைய வீட்டை இடிக்கிறீர்கள். பரணில் கிடக்கும் ஓலைக்கட்டை, மக்கிப்போன பத்திரத்தை, கணக்கு நோட்டைக் குப்பை என்று கொளுத்தாதீர்கள். 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று இருந்தவர்கள். நம் பழைய எழுத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம். படிக்க ஆள் இருக்கிறார்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகம் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் பாட்டன் பேர் அதில் இல்லாமல் இருக்கலாம். வேறு யாரோ ஒருத்தர் பாட்டனின் பேர், எங்கேயும் இல்லாத பேர், அந்த ஒரு இடத்தில் மட்டும் இருக்கக் கூடும்.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் போனேன். பெரியவர் அதே மூன்று பேரைக் கேட்டார். பூட்டன் பேருக்கு அதே முழிதான். கடைசியில் யாருமற்றவர்களுக்கென்று ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். கையில் தண்ணீரோடு ஒரு நிமிஷம் அந்த ஓலைப் பேரை நினைத்தேன். பிறகு சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அவனுக்கு ஆள் இருக்கிறது.